சான்று ஆண்

கவிதை வாரியத்தின் நான்காவது மாடியில், நடுவயதுப் பிரிவின் ஜன்னலோரம், அந்த ஏசி மெக்கானிக் வெகுநேரமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தார். காரணம் பயம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ அகலத்தில் சன்ஷேடு. அதன் கடைசியில் ஏசியின் வெளி யூனிட். இடுப்பில் பெல்ட் கட்டியாகிவிட்டது. கயிற்றின் மறுமுனையை உள்ளே தூணில் மாட்டியாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தால் வேலை ஆரம்பம். அந்த ஒரு கால்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மனுஷர் வாலிபத்திலிருந்து சன்ஷேடில் நடந்து பிழைப்பவர். பீடி குடித்துக்கொண்டே நடந்த காலம் உண்டு. ஒரு தடவைகூட விழுந்ததில்லை. வேறு யாரும் விழுந்து இவர் பார்த்ததும் இல்லை. ஆனால் நாற்பத்தேழு வயதில், போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஏழாவது மாடியில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தவருக்கு முட்டிக்குக் கீழே இருப்பது வேறு யாருடைய காலோ என்பதுபோல் ஆகிவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே வந்தார். அன்றிலிருந்து உயரம் என்றாலே பயம். முதலாளியிடம் சொல்லவில்லை, சொன்னால் சோறு போய்விடும். மனைவியிடமும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

கீழே பார்க்கக் கூடாது என்பதற்காக வானத்தைப் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்து மெதுவாக விட்டார். அப்போதுதான் பின்னால் யாரோ கிசுகிசுத்தது கேட்டது.

"அசையாதீங்க."

திரும்பினால், மூன்று பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். நடுவில் நின்ற பையன் மாதிரி இருந்தவர்தான் பிரிவு அதிகாரி. இருபத்தாறு வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"சார், ஏசி..."

"பேசாதீங்க. பேசினா போயிடும். தலையை மட்டும் லேசா அந்தப் பக்கம்... ஆங். இப்ப சொல்லுங்க. என்ன யோசிச்சிட்டிருந்தீங்க?"

உண்மையைச் சொல்ல முடியுமா? "கேஸ் லீக்காகுது சார்" என்றார் மெக்கானிக். "கொஞ்ச நாளாவே கசிஞ்சிட்டிருக்கு. உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. வெளியே இருந்து பார்த்தா தெரியாது."

பிரிவு அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாமவர் ஓடிப்போய் அறைக் கதவைத் தாழ்போட்டார். மெக்கானிக் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தேழு வயது ஆளைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் பார்க்கிறார்கள் என்றால் அதில் நல்ல எண்ணம் எப்படி இருக்கும்? கிட்னி விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தார்.

கவிதை வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டு மாடிக் கட்டடம். நாட்டில் எழுதப்படும் கவிதைகளை ஒழுங்குபடுத்துவது அதன் கடமை. முதல் மாடியில் மழைப் பிரிவு. இரண்டாவதில் நிலாப் பிரிவு. அது மாதத்தில் பாதி நாள்தான் வேலை செய்யும். காதலர் பிரிவுக்கென்று மூன்றாவது மாடியில் ஒரு பிரிவு உண்டு. 'பிரிவுப் பிரிவு' என்ற அதன் பெயர்ப் பலகையை அச்சுப்பிழை என்று நினைத்து வாரத்துக்கு ஒருவராவது புகார் சொல்லிவிட்டுப் போவார்.

நான்காவது மாடி நடுவயதுப் பிரிவு. ஆண்கள் நாற்பதைத் தாண்டியதும் ஜன்னலோரம் நின்று வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற கவிதைகள் முழுவதும் அங்கேதான் தயாராகின்றன. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் முப்பதுக்குக் கீழே அல்லது எழுபதுக்கு மேலே. நடுவில் யாரும் கிடையாது. ஒரே ஒரு தடவை நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்று நாளும் அரைநாள் விடுப்புக் கேட்டார். நடுவயது பற்றிய உணர்வு போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த பிரிவுக்கு அந்த வருஷம் ஒரு சோதனை வந்தது. மேலிடத்திலிருந்து யாரோ வேலையற்றவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: இந்தக் கவிதைகளில் வரும் ஆணை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? பிரிவே ஆடிப்போயிற்று. அவசரக் கூட்டம் போட்டுப் புதுவிதி செய்தார்கள். இனிமேல் ஆண்டுத் தொகுப்புக்கு உயிரோடு இருக்கும் ஒரு நடுவயது ஆண் சான்றாக வைக்கப்பட வேண்டும். அவருக்குச் 'சான்று ஆண்' என்று பெயர். இரண்டு மாதம் தேடினார்கள். பிடித்துக் கேட்ட ஆண்கள் எல்லாரும் "அவசரமா போறேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்படியிருக்கும்போது, இடுப்பில் கயிறு கட்டியபடி ஒருவர் தானாகவே வந்து ஜன்னலோரம் நின்றால் விடுவார்களா?

மெக்கானிக் அன்று சன்ஷேடில் இறங்காமலே தப்பித்தார். கதவு திறந்ததும் நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் முறையிட்டார்.

"அண்ணே, அந்த ஆபீஸ்ல என்னமோ சரியில்ல. என்னை வாரத்துக்கு மூணு நாள் வந்து நிக்கச் சொல்றாங்க."

"நின்னு?"

"நிக்கணும், அவ்வளவுதான். அப்பப்ப பெருமூச்சு விடணுமாம்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முதலாளிக்கு ஐம்பத்திரண்டு வயது. எதையும் நம்பாத முகம். "நீ வேற கம்பெனிக்குப் போகப் பாக்குறியா? அதுக்கு இப்படி ஒரு கதையா?"

"சத்தியமா இல்லண்ணே. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. கிட்னி கிட்னி..."

"உன் கிட்னியை வெச்சு கவிதையா எழுதப் போறாங்க? இங்க பாரு. எட்டு மாடியிலயும் ஏசி நம்ம கைல இருக்கு. அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். போய் நில்லு. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஆக, மெக்கானிக் நிற்கப் போனார்.

முதல் நாள் அவரை மஞ்சள் விளக்குப் போட்ட ஓர் அறையில் நிற்க வைத்தார்கள். மணி காலை பதினொன்று; அறைக்குள் மட்டும் அந்திமாலை. கடைநிலை ஊழியர் ஒருவர் ஸ்டூல்மேல் ஏறி அவர் தலைக்கு மேலிருந்து ஒரு காய்ந்த இலையைப் போட்டார். இலை ஆடி ஆடி வந்து தோளில் விழுந்தது. மெக்கானிக் அதை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, குப்பைக்கூடையைக் கண்டுபிடித்து அதில் போட்டார்.

"ஐயோ" என்றார் பிரிவு அதிகாரி. "ஏங்க அதைக் குப்பையில போட்டீங்க?"

"குப்பைதானேங்க?"

"அது நீங்க."

மெக்கானிக் கூடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பின்னால் இருக்கிற ஏசியில் தண்ணீர் சொட்டுவது தெரிகிறது என்றார். அதற்கும் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். சுவர் என்றார். பிரிவு அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது இவர் காதில் விழுந்தது: "மறைக்கிறாரு. ரொம்ப ஆழம்."

தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று இவருக்குச் சந்தேகம். தங்களிடம் எதையோ மறைக்கிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம். இவர் உண்மையிலேயே ஒன்றை மறைத்துக்கொண்டிருந்ததால் அவர்களை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லியும் பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்லவா? கொஞ்ச நாளா உயரத்துக்குப் போனா பயமா இருக்கு. கால் நடுங்குது."

பிரிவு அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "பயமெல்லாம் நம்ம பிரிவுல வராதுங்க. பயம்னா குழந்தைப் பிரிவு. அஞ்சாவது மாடி. உங்க வயசுக்கு ஏக்கம் மட்டும்தான் அனுமதி."

ஏக்கத்துக்குத் தனி அதிகாரி இருந்தார். இருபத்து நாலு வயது, மார்பு வரை தாடி. அலுவலகத்தில் எல்லாரும் அவரைப் 'பெருமூச்சு' என்றே கூப்பிட்டார்கள். இழந்த காதல்களை விசாரிப்பது அவர் வேலை. மெக்கானிக்கை எதிரே உட்கார வைத்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அவங்க பேரு என்ன?"

"யாரு பேருங்க?"

"நீங்க இழந்தவங்க."

"அப்படி யாரும் இல்லீங்களே."

"எல்லாருக்கும் உண்டு. இல்லாதவங்க நாற்பதைத் தாண்ட முடியாது. விதியிலேயே இருக்கு. யோசிங்க. மழை. பஸ் ஸ்டாப். ஏதோ ஒரு பொண்ணு."

இரண்டு மணி நேரம் விடவில்லை. டீ கூடத் தரவில்லை. கடைசியில், ஆளை விட்டால் போதும் என்று மெக்கானிக் மூளையைக் கசக்கினார். பத்தொன்பது வயதில் டைப்பிங் படிக்கப் போனபோது, அடுத்த மெஷினில் ஒரு பெண். மழை நாளில் ஒரு தடவை இவர் குடையை வாங்கிக்கொண்டு போனாள். திருப்பித் தரவில்லை. குடை அண்ணனுடையது. அண்ணன் இவரைச் செம மாத்து மாத்தினான்.

"அப்புறம் அவங்களைப் பார்க்கவே இல்லையா?" பெருமூச்சின் குரல் கம்மியது.

"தேடினேங்க. குடை வேணுமே."

"தேடினீங்க!"

"ஆமாங்க. நல்ல குடை."

பெருமூச்சு மேஜையில் தலை கவிழ்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. இவ்வளவு சின்ன வயதில் இந்தப் பையனுக்கு என்ன கஷ்டமோ என்று மெக்கானிக்குத்தான் பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் துணைவிச் சான்று. அதாவது, சான்று ஆணின் மனைவி அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை நேரில் உறுதிசெய்ய வேண்டும். பிரிவு அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். மெக்கானிக்கின் மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. மாலை ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு மாலை ஷிஃப்ட் என்பதால் சமையலும் பாத்திரமும் இவர் பொறுப்பு. உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கணவரை உங்களுக்குப் புரியலைதானேங்க?" என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

அவள் வாசல் பக்கமும் சமையலறைப் பக்கமும் பார்த்தாள். "ஏங்க? எதுலயாவது மாட்டிக்கிட்டாரா?"

"ஜன்னலோரம் நிக்கறாரா?"

"வீட்ல ஜன்னலோரம் கட்டில் இருக்கு. நிக்க இடம் இல்ல. நீங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க. போலீஸா?"

அதிகாரி மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு எழுந்தார். போகும்போது காதைத் தீட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே பாத்திரம் உருண்டது. "அருமை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்து நாள் கழித்துக் கவிதை வெளியாயிற்று. பஸ்களின் முதுகில் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில், நோயாளிகள் டோக்கனோடு காத்திருக்கும் இடத்தில், உருக்கமான குரலில் ஓடியது:

*நாற்பத்தேழாவது ஜன்னலில் நிற்கிறேன்.*
*உள்ளிருந்து ஏதோ கசிகிறது.*
*குடையோடு போனவள்*
*மழையையும் கொண்டுபோய்விட்டாள்.*
*பின்னால், சமையலறையில்,*
*பாத்திரச் சத்தம்.*

கீழே மெக்கானிக்கின் படம். ஜன்னலோரம், தலை லேசாக அந்தப் பக்கம்.

மனைவி அன்று வீட்டுக்கு வந்து கைப்பையை மேஜையில் வைத்த விதத்திலேயே மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது.

"யாருங்க அந்தக் குடை?"

"அது அண்ணனோட குடை."

"குடை அண்ணனோடதுதான். பொண்ணு?"

"பொண்ணு பேரே எனக்கு ஞாபகம் இல்லம்மா. அந்தத் தாடிக்காரப் பையன் விடமாட்டேன்னான். ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சான்."

"ரெண்டு மணி நேரம் அவளைப் பத்திப் பேசியிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "சரி, அதை விடுங்க. என்னைப் பத்தி அதுல ஒரு வரி இருக்கா?"

இவர் மேஜைமேல் இருந்த கைப்பையைப் பார்த்தார்.

"இருக்கே" என்றாள் அவளே. "பாத்திரச் சத்தம். அது நான்தானே? கடையில கூட வேலை பாக்குறவ படிச்சுக் காட்டிட்டு, 'அக்கா, இது நீங்களா'ன்னு கேட்டா. இந்த வீட்ல பாத்திரம் தேய்க்கிறது யாருங்க?"

"நான்தான்."

"அதுவும் நான் இல்ல. உங்களோட இத்தனை வருஷம் இருந்து, கடைசியில நான் ஒரு சத்தம். அந்தச் சத்தமும் என்னோடது இல்ல."

உயரத்துப் பயத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவர் ஜன்னலில் நின்றது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடையும் போயிருக்கும், சந்தேகமும் போயிருக்கும். ஆனால் அதற்குப் பதிலாக, யாரும் எதிர்பார்க்காமல், ஒரு பெருமூச்சு வந்தது. இரண்டு மாதப் பயிற்சி. அடிவயிற்றிலிருந்து சுத்தமாக வந்தது.

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. 'தட்டு', 'சாவி', 'கரண்ட் பில்' என்று பெயர்ச்சொல்லாக மட்டும் ஓடியது. மெக்கானிக்குத் தன்மேலேயே சந்தேகம் வர ஆரம்பித்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருவேளை அந்தப் பெண்ணை நிஜமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேனோ? முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். குடைதான் வந்தது. கைப்பிடி மரம். அதில் அண்ணன் பெயரின் முதல் எழுத்து. முகம் வரவேயில்லை.

தொகுப்பு வெளியீட்டு விழாவுக்குத் துணைவி கட்டாயம் வர வேண்டும் என்பது விதி. அவள் வந்தாள், கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரி மாதிரி உட்கார்ந்தாள். முதல் வரிசையில் முதலாளி, புதுச் சட்டையோடு. அவர் பார்வை முழுக்கக் கூரையில் இருந்த ஏசிகள்மேல்.

மேடைக்குப் பின்னால் போனபோதுதான் மெக்கானிக்குக் காலடியில் பூமி நழுவியது. மேடை நடுவே இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு கோபுரம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். உச்சியில் ஒரு பலகை, பலகையில் ஒரு ஜன்னல் சட்டம்.

"நீங்க அங்க நிக்கணும்" என்றார் பிரிவு அதிகாரி. "கீழே தலைவர் பேசுவாரு. நீங்க ஜன்னல் வழியா வாழ்க்கையைத் திரும்பிப் பாக்குறீங்க."

"தரையில நின்னு பாக்கக் கூடாதுங்களா?"

"தரையில நின்னா திரும்பிப் பாக்குற மாதிரி இருக்காதுங்க. ஆட்டோ புடிக்க நிக்கற மாதிரி இருக்கும்."

திரையின் இடுக்கு வழியாக முதலாளியின் புதுச் சட்டை தெரிந்தது. மெக்கானிக் ஏணியைப் பிடித்தார். மேலே பார்த்தபடியே ஏறினார். எப்படி ஏறினோம் என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. பலகையில் கால் வைத்ததும் கீழே இருந்த ஆட்கள் ஏணியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏணி தெரிந்தால் படம் நன்றாக வராதாம். மேடையெங்கும் புகையைத் திறந்துவிட்டார்கள். திரை விலகியது.

கைதட்டல் அடங்கியதும் வாரியத் தலைவர் எழுந்தார். வயது எண்பதுக்கு மேல். நடுவயது பற்றி இருபத்திரண்டு வயதிலிருந்து எழுதிவருபவர்.

"நடுவயது ஆண் தனிமையானவன்!" என்று ஆரம்பித்தார். "அவன் தனிமையைக் கலைக்கக் கூடாது. என் வீட்டில் கலைத்ததே இல்லை. எனக்கு நாற்பது வயதானபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் தனிமையை எழுத ஆரம்பித்தேன். வெளியே நான்கு பிள்ளைகள் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாகவும் இருக்கலாம். நான் வெளியே வந்தபோது எல்லாருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த இழப்பைத்தான் என் அடுத்த தொகுப்பில் பாடினேன். பரிசும் வந்தது."

அரங்கம் உருகியது.

"என் மனைவியைப் பன்னிரண்டு தொகுப்புகளில் நிலவு என்று எழுதினேன். 'நீங்க ஒரு தடவை எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்று அவர் பதின்மூன்றாவது தொகுப்பின்போது கேட்டார். நிலவு இப்படிப் பேசலாமா? அந்தத் தொகுப்பையே நிறுத்திவிட்டேன். கலைஞனுக்கு எவ்வளவு பெரிய தியாகம்!"

மேலே மெக்கானிக்கின் முட்டிக்குக் கீழே இருந்தது வேறு யாருடைய காலோ ஆகிவிட்டிருந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்தார். சட்டம் அட்டை. கையோடு வந்தது. பலகை ஆடியது. புகையில் தரை எங்கே என்று தெரியவில்லை.

"ஏணி" என்றார்.

தலைவர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார். அரங்கம் மூச்சைப் பிடித்தது.

"ஏணி... ஏணியைக் கொண்டாங்க. இறங்க முடியல."

முன்வரிசையில் ஒருவர் விசும்பினார். "இறங்க முடியலையாம்!" என்று தாடிக்காரப் பெருமூச்சு எழுந்து நின்று கைதட்டினார். அரங்கமே எழுந்து நின்றது. ஏறிய மனிதனுக்கு இறங்க வழியில்லை என்பதை ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டார் என்று ஒலிபெருக்கியில் தலைவர் விளக்கினார். "இன்னொரு முறை!" என்று பால்கனியிலிருந்து கத்தினார்கள்.

"யாராவது புடிங்கய்யா!" என்று மெக்கானிக் கதறினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அத்தனை பேரும் நின்று தட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டாமல் அவர் கால்களையே பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுப்பாதையில் இறங்கி வந்தாள். மேடைப் படியேறினாள். திரைக்குப் பின்னால் போனாள். ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். சிமெண்டில் இரும்பு உரசிய சத்தத்தில் கைதட்டல் நின்றுபோயிற்று.

"யாரும்மா நீங்க?" என்றார் தலைவர், ஒலிபெருக்கியிலேயே.

"பாத்திரச் சத்தம்" என்றாள்.

"இந்த இடத்துல பெண் வர்றது மரபு இல்லையேம்மா. பெண்களுக்கு நடுவயதே கிடையாது. காதலியா இருந்து நேரா தாயாகிடுவாங்க. அதுக்கு ஆறாவது மாடி..."

அவள் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏணியைக் கோபுரத்தில் சாய்த்து, ஒரு காலை அடிப்படியில் அழுத்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏங்க. கீழ பாக்காதீங்க. என் குரலை மட்டும் கேளுங்க. திரும்பி நின்னுக்கங்க. வலது காலை வைங்க. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அதான் படி. நான் புடிச்சிருக்கேன்."

ஒவ்வொரு படியாக இறங்கினார். கால் தரையைத் தொட்டபோது அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பிரிவு அதிகாரி ஓடிவந்து, இறங்கியதை மட்டும் மறுபடி ஒரு முறை செய்து காட்ட முடியுமா, இந்தத் தடவை அம்மா இல்லாமல், என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவர் புகைக்குள் பின்வாங்கினார்.

வெளியே வாசல்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உள்ளே விழா தொடர்ந்தது. தலைவர் இப்போது காலி ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மழைக்காலத்திலேருந்து இப்படித்தான்" என்றார் மெக்கானிக். "சன்ஷேடுல இறங்க முடியல. அன்னிக்கு ஜன்னல்ல நின்னதும் அதான். வேற ஒண்ணும் யோசிக்கல."

"பரண்ல இருக்கிற பெட்டியை எடுங்கன்னா ஒரு மாசமா நாளைக்கு நாளைக்குன்னீங்களே, அப்பவே நினைச்சேன். தலைசுத்தலா, பிரஷரான்னு. கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்தக் குடை வந்து எல்லாத்தையும் மறைச்சிருச்சு."

"உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு மட்டும் என்ன வாழுது? மாத்திரை அட்டையில எழுத்து கலங்குது. நாலு மாசமாச்சு. ஒவ்வொரு அட்டையையும் தூரத் தள்ளி, கிட்ட வெச்சு, கூட இருக்கிறவகிட்ட ஏதோ சாக்குச் சொல்லிப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் கொடுக்கறேன். யாருக்காவது மாத்திக் கொடுத்துட்டா? ராத்திரி படுத்தா அதான் ஓடுது."

"கண்ணாடி போட்டுக்க வேண்டியதுதானே?"

"நீங்க முதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் சிரித்தாள், இவரும் சிரித்தார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த வருஷத் தொகுப்புக்கே முதல் பரிசு கிடைத்தது. சான்று ஆண் உணர்ச்சி மிகுதியால் கீழே விழுந்ததாகவும், நிகழ்ச்சியின்போது துப்புரவுப் பணியாளர் ஒருவர் தவறுதலாக மேடையேறியதாகவும் வாரியம் அறிவித்தது. வருங்காலத்தில் ஏணிகளைப் பூட்டி வைக்க உத்தரவாயிற்று.

மறுநாள் காலையில் மனைவி கண் டாக்டரிடம் போனாள். மெக்கானிக் கடைக்குப் போனார். முதலாளி எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நேத்து நடந்தது நடிப்பு இல்ல. எனக்கு உயரம்னா பயம் வந்துடுச்சு. இனிமே சன்ஷேடு வேலைக்கு என்னை அனுப்பாதீங்க. உள்ள என்ன வேலை கொடுத்தாலும் பாக்கறேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

முதலாளி அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எப்பலேருந்து?"

"போன மழைக்காலம்ணே."

"எனக்கு மூணு வருஷமாச்சு" என்றார் முதலாளி தணிந்த குரலில். "முட்டிக்குக் கீழ..."

"வேற யார் காலோ மாதிரி."

"அதேதான்! அதேதான்டா!" முதலாளி தொடையில் தட்டினார். "கடையைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு ஏன் உக்காந்தேன்னு நினைச்சே? வீட்ல பல்பு மாத்தறதுகூட மச்சான்தான். வெளியில மூச்சு விடாதே."

"விடமாட்டேண்ணே."

"வொர்க்ஷாப்ல கம்ப்ரசர் வேலை கெடக்கு. அங்க உக்காந்துக்க." பிறகு, இன்னொரு தடவை கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, அந்த ஆபீஸ்ல அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"ஏண்ணே?"

"தரையில நின்னு பெருமூச்சு விடுறதுன்னா, எனக்கு நல்லா வரும்."